வார்ஃப்டேல் பண்ணைவீடு: மேற்குச் சுவரிலிருந்து சிமெண்ட்டை அகற்றிய வேலை

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில், வார்ஃப் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கல் பண்ணைவீட்டின் மேற்குச் சுவரைப் பழுதுபார்க்கும் பணியில், கற்சுவர் வேலையில் நீண்ட அனுபவமுள்ள ஒரு கொத்தனாருக்கு உதவியாளனாக ஒரு கோடைகாலம் முழுவதும் இருந்தேன். இந்த வகை வீட்டின் ஒவ்வொரு உறுப்பும், சுவரின் தடிமன் முதல் ஜன்னல் மேலுள்ள கல் விளிம்பு வரை, மழைநீர் எங்கே விழும், உள்ளே புகுந்தால் எவ்வழியாக வெளியேறும் என்ற கேள்விக்குக் கட்டியவர்கள் கண்ட விடை. அந்த வழி எங்கே அடைபட்டது, அதை எப்படித் திறந்தோம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

வீடு சரிவுக்கு முதுகைக் காட்டித் தெற்கு நோக்கி நிற்கிறது. நீளமான இரண்டு தளங்கள். இரு முனைகளிலும் கூரை வரை எழும் முக்கோணச் சுவர்கள். பின்புறத்தில் தாழ்ந்த கூரையோடு ஒட்டி நிற்கும் பால் அறை. வாசலின் மேற்கல்லில் வீட்டைக் கட்டிய தம்பதியின் முதலெழுத்துகளும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களான 16 மட்டுமே தெளிவாக இருக்கிறது. மற்ற இரண்டும் காற்றிலும் பனியிலும் தேய்ந்துவிட்டன. இப்பள்ளத்தாக்கில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, மண்ணும் மரமும் கொண்டு கட்டப்பட்ட வீடுகளை உழவர்கள் கல்லால் திருப்பிக் கட்டிய காலம். சற்று மேலே உள்ள ஸ்டார்போட்டன் சிற்றூரை 1686ஆம் ஆண்டு வந்த பெருவெள்ளம் பெருமளவில் அழித்தது. அதன் பிறகு அந்த ஊர் மீண்டும் எழுப்பப்பட்டது. நீரைப் பற்றி இங்குள்ளவர்கள் ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலை ஒருபோதும் இருந்ததில்லை.

சுவரை அருகே நின்று பார்த்தால் இரண்டு வகைக் கற்கள் கலந்திருப்பது தெரியும். பரப்பின் பெரும்பகுதி வெளிர்சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். கார்பனிஃபெரஸ் காலத்தில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்து உருவான கல் அது. மிக அடர்த்தியானது, ஓரம் கூராக, ஒழுங்கற்ற துண்டுகளாக உடைவது, உளிக்குப் பணியாதது. ஆகவே மூலைக்கற்கள், வாசற்கால், ஜன்னல் சட்டங்கள், மேல்விட்டங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் மேட்டுநிலத்திலிருந்து மில்ஸ்டோன் கிரிட் எனப்படும் பழுப்புநிற முரட்டு மணற்கல்லைக் கொண்டுவந்தார்கள். அது நேர்கோட்டில் செதுக்கப்படும். பெரிய கட்டிகளாகக் கிடைக்கும். ஆனால் நீரை ஓரளவு உறிஞ்சும். இந்த வேறுபாடு அழகுக்காக ஏற்பட்டதன்று. எந்தக் கல் எந்த வேலைக்கு உதவும் என்ற தேர்வு அது. பழுதுபார்க்கும்போது இரண்டையும் ஒன்றாக நடத்தக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

சுவரின் தடிமன் ஏறத்தாழ இரண்டு அடி. அது ஒரே கட்டுமானம் அன்று. வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, இவற்றுக்கு நடுவே மண்ணும் சில்லுக்கற்களும் நிரப்பிய வயிறு. இரு முகங்களும் விலகிப் போகாமல் இருக்க, ஆங்காங்கே சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும் நீண்ட கற்களைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். டேல்ஸ் வீடுகளில் பலவற்றின் வயிற்றுக் கலவை வெறும் களிமண்தான். சுண்ணாம்பு மிகக் குறைவாகவே கலந்திருக்கும். வெளிப்புற இணைப்புகளில் மட்டும் நல்ல சுண்ணாம்புக் காரை வைத்துப் பூட்டுவார்கள். மழை அடிக்கும்போது சுவர் கொஞ்சம் நனையும். வெயிலும் காற்றும் வரும்போது அந்த ஈரம் இணைப்புகளின் வழியே வெளியேறும். சுண்ணாம்புக்கல் தானே ஈரத்தைக் கடத்தாத அளவுக்கு அடர்த்தியானதால், சுவர் உலர்வதற்கு இருக்கும் முதன்மையான வழி இந்த இணைப்புக் காரைதான். இதை உணர்ந்தவர் எவரும் அந்த வழியைச் சிமெண்ட்டால் மூட மாட்டார்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்குச் சுவர் முழுவதும் அப்படித்தான் மூடப்பட்டிருந்தது. போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு 1824ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற ஜோசப் ஆஸ்ப்டின், இதே யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகரக் கொத்தனார் என்பதை இங்கே குறிப்பிடலாம். சிமெண்ட் தன் இடத்தில் மிகச் சிறந்த பொருள். கடினமும் நீர்புகாத் தன்மையும் தேவைப்படும் பாலத்துக்கும் அணைக்கும் அது பொருந்தும். களிமண் வயிற்றைக் கொண்ட, சற்றே அசைந்து கொடுக்கும் பழைய சுவருக்கு அந்தக் கடினமே தீங்காகிறது. சுவர் மயிரிழை அசைந்தாலும் சிமெண்ட் கல்லின் ஓரத்திலிருந்து விடுபட்டு நுண்ணிய பிளவைத் திறக்கிறது. அந்தப் பிளவின் வழியே மழைநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. திரும்பி வர வழியில்லை. போதாக்குறைக்கு, இங்கே பூசியவர்கள் இணைப்பைக் கல்லின் மட்டத்துக்கு மேலே ரிப்பன் போலப் புடைக்கச் செய்திருந்தார்கள். யார்க்‌ஷயரில் பரவலாகக் காணப்படும் இந்த முறையில் ஒவ்வொரு புடைப்பின் மேல் விளிம்பிலும் நீர் தங்குகிறது. நேர்த்தியாகத் தோன்றும் என்றெண்ணிச் செய்த அந்த வேலை, சுவரின் குறுக்கே நூற்றுக்கணக்கான சிறு வரப்புகளைக் கட்டிவிட்டது.

வேலையைத் தொடங்கும் முன் அனுமதி பற்றிய ஏற்பாடுகள் இருந்தன. வீடு இரண்டாம் தரப் பட்டியலில் உள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடம். 1990ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள் சட்டத்தின்படி, அதன் தன்மையை மாற்றும் வேலையை ஒப்புதல் இல்லாமல் செய்வது குற்றம். யார்க்‌ஷயர் டேல்ஸ் 1954ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பு. திட்ட அனுமதி வழங்கும் பொறுப்பும் பூங்கா ஆணையத்திடமே இருக்கிறது. முதலில் சுவரின் கீழ்மூலையில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மாதிரி செய்து, பழைய காரை எப்படி எடுக்கப்படுகிறது, புதிய காரையின் நிறமும் முடிப்பும் எப்படி இருக்கும் என்பதைக் காட்டினோம். இந்த நடைமுறையைச் சிலர் தொல்லை என்பார்கள். என் கருத்தில், சுவர் முழுவதையும் தொடுவதற்கு முன் அதன் ஒரு மூலையோடு பழகிக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

சிமெண்ட்டை எடுக்க வெட்டும் இயந்திரம் எதையும் பயன்படுத்தவில்லை. சுழலும் தகடு ஒரு கணம் வழுக்கினாலும் கல்லின் ஓரத்தில் ஆறாத வெட்டு விழும். மணற்கல் மூலைகளில் அப்படிப்பட்ட வடுக்களை அக்கம்பக்கத்து வீடுகள் பலவற்றில் காணலாம். ஒடுங்கிய உளியும் ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சுத்தியலும் போதுமானவை. புடைப்பின் நடுவில் அடித்து அதைப் பிளந்து, துண்டை உட்பக்கமாக நகர்த்தி வெளியே எடுக்க வேண்டும். கல்லின் ஓரத்தை நெம்புகோலின் தாங்குமுனையாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்திருந்த சிமெண்ட் பெரும்பாலும் எளிதாகவே வந்தது, ஏனென்றால் அது ஏற்கெனவே ஒட்டுவிட்டு நின்றது. மணற்கல் மூலைக்கற்களோடு சேர்ந்திருந்த இடங்களில் மிகப் பொறுமையாக இறங்க வேண்டியிருந்தது. அங்கே கல்லின் முகமே அடுக்கடுக்காக உதிர்ந்திருந்தது. இணைப்பில் வெளியேற முடியாத ஈரம் மணற்கல்லின் வழியே வெளியேற முயன்று, குளிர்காலத்தில் முகத்துக்குச் சற்று உள்ளே உறைந்து விரிந்து, கல்லை உரித்திருக்கிறது. சிமெண்ட் மட்டும் கூர்மை குலையாமல் நிற்க, அதன் இருபுறமும் கல் பின்வாங்கியிருந்தது. காரை அழிந்து கல்லைக் காக்க வேண்டும் என்ற முறை இங்கே தலைகீழாகியிருந்தது.

மழையில்லாத வாரத்தில்கூடச் சிமெண்ட்டின் பின்னாலிருந்த களிமண் விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தது. சில இடங்களில் அது கரைந்து கீழே இறங்கிவிட்டதால், வெளிமுகக் கற்களுக்குப் பின்னால் கை நுழையும் வெற்றிடங்கள் இருந்தன. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது சுவரின் நடுப்பகுதி வெளிப்பக்கம் சற்றுத் தள்ளியிருப்பது தெரிந்தது. ஊடுகற்கள் உடையாமல் இருந்ததால் சுவரைப் பிரித்துக் கட்டும் தேவை எழவில்லை. இணைப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம் வரை காரையை எடுத்து, தூரிகையால் துடைத்து, வெற்றிடங்கள் உள்ள இடத்தில் இன்னும் உள்ளே சென்று, ஒரு நாளில் நிரப்பக்கூடிய பரப்பை மட்டும் திறந்து வைத்தோம்.

கலவைக்குச் சுட்ட சுண்ணாம்பையே தேர்ந்தெடுத்தோம். பழைய காரைத் துண்டுகளை உடைத்துப் பார்த்தபோது அவற்றில் வெள்ளைக் கட்டிகள் புள்ளிபுள்ளியாகத் தென்பட்டன. நீற்றிச் சலித்து ஊறவைத்த விழுதில் அத்தகைய கட்டிகள் பெரும்பாலும் இருக்காது. சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்து நீர் ஊற்றி, நீறும் சூட்டிலேயே கலந்திருக்கிறார்கள் என்பதற்கு அவை அடையாளம். டேல்ஸ் வயல்வெளிகளில் இன்றும் சிதைந்து நிற்கும் சிறு காளவாய்களில், உள்ளூர் நிலக்கரியைக் கொண்டு சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் சுட்டார்கள். அச்சுண்ணாம்பின் பெரும்பங்கு புளித்த மண்ணைத் திருத்த வயலுக்குப் போனது; வீடு கட்டுவதற்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளப்பட்டது.

நாங்கள் கலந்த அளவு, கொள்ளளவில் ஒரு பங்கு சுட்ட சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல். நீறும்போது சுண்ணாம்பு ஏறக்குறைய இரு மடங்காகப் பொங்குவதால், முடிவில் கிடைக்கும் கலவை இந்த எண்கள் காட்டுவதைவிடச் செழிப்பானது. மணலில் பொடியிலிருந்து 5 மில்லிமீட்டர் பரல் வரை எல்லா அளவுகளும் இருக்க வேண்டும். ஒரே அளவான மென்மணல் போட்டால் காரை சுருங்கி வெடிக்கும். நீர் பட்டதும் கலவையின் சூடு கொதிநிலையை எட்டி, ஆவி எழும்பும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் நிற்கக் கூடாது. கண்ணில் பட்ட சுண்ணாம்பு பார்வையைப் பறிக்கும் என்பதால், கழுவுவதற்கான சுத்த நீர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வெளிமுகத்துக்கான கலவையைச் சூடு ஆறிய பின் ஒரு நாள் மூடிவைத்துப் பயன்படுத்தினோம். தாமதமாக நீறும் துணுக்குகள் சுவரில் ஏறிய பிறகு பொங்கி, முகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க இந்தக் காத்திருப்பு தேவை. வயிற்றில் இருந்த வெற்றிடங்களுக்குச் சுவரிலிருந்து எடுத்த அதே களிமண்ணைச் சலித்து, சிறிது சுண்ணாம்பு சேர்த்துப் பிசைந்து திணித்தோம். பழைய களிமண்ணோடு ஒத்துப்போகும் பொருள் வேறு எங்கிருந்தும் வரத் தேவையில்லை.

இணைப்பை நிரப்பும் வேலையில் காரையைவிடக் கல்சில்லுகளுக்கே முதலிடம். ஒழுங்கற்ற சுண்ணாம்புக்கற்களுக்கு நடுவே மூன்று விரல் அகலமுள்ள இடைவெளிகள் இருக்கும். அவற்றைக் காரையால் மட்டும் நிரப்பினால் அது சுருங்கும், தொங்கும். முதலில் நீர் தெளித்து இணைப்பை ஈரமாக்கி, காரையை உட்புறம் அழுத்தித் திணித்து, பொருத்தமான சில்லைத் தேர்ந்து இறுக்கமாகத் தட்டி, எஞ்சிய இடத்தை மீண்டும் காரையால் நிரப்ப வேண்டும். உடைந்து விழுந்த சில்லுகளை வீசாமல் வாளியில் சேர்த்து வைத்திருந்ததால் ஒவ்வோர் இடைவெளிக்கும் ஏற்ற துண்டு கிடைத்தது. காரையைக் கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே நிறுத்தினோம். கரண்டியால் வழவழப்பாக்கவில்லை. காரை விரல் நகம் பதியும் அளவுக்கு இறுகியதும், விறைப்பான தூரிகையால் குத்தி அதன் முகத்தைச் சொரசொரப்பாக்கினோம். வழவழப்பான முகத்தில் சுண்ணாம்புப் பால் மேலே ஏறி மெல்லிய தோலாக மூடிக்கொள்ளும். சொரசொரப்பான முகம் காற்றுக்குத் திறந்திருக்கும், உலரும் பரப்பும் பெரிதாகும்.

சுண்ணாம்பு இறுகுவது உலர்வதால் அன்று. ஈரமாக இருக்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுவதால்தான். மேற்கிலிருந்து வீசும் காற்று ஒரே பிற்பகலில் அதை உலர்த்திப் பொடியாக்கிவிடும். சாரத்திலிருந்து ஈரச் சாக்குத்துணிகளைத் தொங்கவிட்டு, முதல் வாரம் முழுவதும் காலையிலும் மாலையிலும் பனித்தூவல்போல நீர் தெளித்தோம். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்கும் பருவத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. மேற்பள்ளத்தாக்கில் செப்டம்பர் முடிவோடு கலவைத் தட்டைக் கழுவி வைப்பதுதான் அறிவுடைமை.

சாரத்தின் மேல்தளத்தில் நின்றபோது ஜன்னல்களைக் கவனமாகப் பார்க்க முடிந்தது. தாழ்ந்து அகன்ற திறப்பைச் செங்குத்தான கல் நடுக்கால்கள் மூன்று நான்கு கட்டங்களாகப் பிரிக்கின்றன. முக்கோணச் சுவரின் உச்சியில் உள்ளது, நடுக்கட்டம் மட்டும் உயர்ந்து படிபோல எழும் மூன்று கட்ட ஜன்னல். கிரேவன் வட்டாரத்து 17ஆம் நூற்றாண்டு வீடுகளுக்கே உரிய வடிவம் அது. ஒவ்வொரு ஜன்னலின் மேலும் சுவரிலிருந்து முன்தள்ளி, இரு முனைகளிலும் கீழ்நோக்கி மடங்கும் ஒரு கல் விளிம்பு உண்டு. நம் கோயில்களின் கொடுங்கை செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது: சுவரில் வழிந்து வரும் நீரைத் திறப்புக்கு மேலேயே நிறுத்தி, முன்னே சொட்டவைக்கிறது. இரண்டு ஜன்னல்களில் அந்த விளிம்பின் மேற்புறச் சந்திலும் அடிப்பக்கத்திலும் சிமெண்ட் அப்பியிருந்ததால், நீர் சொட்டாமல் அடியோடு ஊர்ந்து நடுக்கால்களின் தலைக்கு வந்தது. சிமெண்ட்டை எடுத்து அடிவிளிம்பை மீண்டும் கூர்மையாக்கியதும் அடுத்த மழையிலேயே வேறுபாடு தெரிந்தது. ஒரு நடுக்காலின் கீழ்முனை உதிர்ந்திருந்தது. முழுக் கல்லையும் மாற்றாமல், உதிர்ந்த பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி, அதே வகை மணற்கல் துண்டைத் துருவேறா எஃகு முளையால் பொருத்தினார் கொத்தனார். பழைய உளித்தடம் உள்ள கல்லில் காப்பாற்றக்கூடியது ஒரு சாண் என்றாலும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற நெறி, வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877ஆம் ஆண்டு நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் காலத்திலிருந்து இந்நாட்டில் தொடர்ந்து பேசப்படுகிறது. அந்த நெறியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

பின்சுவரில் கல்லால் அடைக்கப்பட்ட ஒரு ஜன்னல் உண்டு. 1696 முதல் 1851 வரை நடைமுறையில் இருந்த ஜன்னல் வரியே காரணம் என்று வருவோர் எல்லாரும் சொல்கிறார்கள். உட்புறம் சென்று பார்த்தால், அந்த அடைப்பின் நடுவில் ஒரு தடுப்புச்சுவர் வந்து முட்டுகிறது. அறையைப் பிரித்ததால் ஜன்னல் பயனற்றுப் போயிருக்கவும் கூடும். வரிக்கதையை எல்லா அடைப்புகளுக்கும் பொருத்துவதற்கு முன் உள்ளே சென்று பார்ப்பது நல்லது.

கூரையில் எங்கள் வேலை சிறியது. மெல்லிய படுகைகளாகப் பிளக்கும் மணற்கல்லே இங்கே ஓடு. இறவாணத்தில் இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பெரிய கற்களும், முகடு நோக்கிச் செல்லச் செல்லச் சிறிய கற்களுமாக வரிசைகள் குறுகும். ஒவ்வோர் ஓட்டின் தலையிலும் உள்ள துளையில் ஓக் மர முளை செருகி, அதை ரீப்பரில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்த எடைக்கு ஏற்றபடி கூரையின் சாய்வு மட்டமானது. ஆனால் முக்கோணச் சுவரின் உட்புறத்தில் அதைவிடச் செங்குத்தான பழைய கூரைக்கோடு ஒன்று தெரிகிறது. ஹீதர் புதரால் வேய்ந்த காலத்தின் தடம் அது. வௌவால்களுக்கு 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால் அவை பற்றிய ஆய்வை முதலில் முடித்து, மேற்கு ஓரத்தில் முளை உளுத்து நழுவிய ஓடுகளை மட்டும் எடுத்து மீண்டும் மாட்டினோம்.

உள்ளே, குடும்பம் வாழ்ந்த பெரிய அறையின் அகன்ற அடுப்பு மேற்குச் சுவரை ஒட்டியே இருக்கிறது. அதன் முன்விட்டம் ஒரே ஓக் மரம். அதில் மெழுகுத்திரிச் சுடரை வைத்துக் கருக்கிய கண்ணீர்த்துளி வடிவ அடையாளங்கள் சில உள்ளன. அவை தற்செயலாக ஏற்பட்டவை அல்ல, வீட்டைத் தீங்கிலிருந்து காக்க வேண்டுமென்றே இட்டவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவற்றின் அருகே தூரிகையைக்கூடக் கொண்டு போகவில்லை. அடுப்பின் பக்கச்சுவரில் உப்பையும் மசாலாப் பொருள்களையும் ஈரம்படாமல் வைக்கும் சிறு மாடம் ஒன்று ஓக் கதவோடு இருக்கிறது. ஈரநிலத்தில் வாழ்ந்தவர்கள் வீட்டின் மிக உலர்ந்த இடத்தை அறிந்து உப்புக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் வந்தபோது அந்த மாடத்தின் பின்சுவரே ஈரமாக இருந்தது. சுவரின் உட்பூச்சாக இருந்த ஜிப்சத்தைத் தட்டி எடுத்து, ஆட்டு ரோமம் கலந்த சுண்ணாம்புப் பூச்சை மூன்று பூச்சுகளாகக் கொடுத்து, மேலே சுண்ணாம்பு அடித்தோம்.

வெளியே சுவரின் அடியில் காலப்போக்கில் உயர்ந்திருந்த மண்ணை உள்தளத்தின் மட்டத்துக்குக் கீழே வருமாறு வெட்டி எடுத்து, சரிவிலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்ப ஆழமற்ற சரளைக் கால்வாய் அமைத்தோம். இந்தச் சுவர்களுக்கு ஆழமான அடித்தளம் இல்லை. பெரிய கற்களை மண்ணில் இருத்தி அவற்றின் மேலேயே எழுப்பியிருக்கிறார்கள். ஆதலால் சுவரை ஒட்டித் தோண்டாமல் விலகியே தோண்டினோம்.

வடக்கே பால் அறையின் சுவரில் சிமெண்ட் இன்னும் இருக்கிறது. அங்கே அது மணற்கல்லோடு இறுகப் பற்றியிருப்பதால், சோதித்த இடத்தில் கல்லின் முகத்தையும் சேர்த்தே பெயர்த்தது. மேலும் சோதிப்பதை நிறுத்திக்கொண்டோம். சிமெண்ட் தானே விடுபட்ட இடங்களில் மட்டும் எடுத்துச் சுண்ணாம்பு வைத்தோம். எஞ்சியதை அதன் போக்கில் விட்டு, ஒவ்வொரு வசந்தத்திலும் தட்டிப் பார்த்து, வெற்றொலி தரும் துண்டுகளை மட்டும் அகற்றுவது என்று வீட்டுக்காரர்களோடு முடிவு செய்து, சுவரின் படத்தில் ஒவ்வொரு பகுதியின் நிலையையும் குறித்துக் கொடுத்திருக்கிறோம். மேற்குச் சுவரின் வயிறு முழுமையாக உலர இன்னும் சில கோடைகள் ஆகும். அதுவரை மாடத்தின் பின்சுவருக்கு வண்ணப் பூச்சு எதுவும் வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறோம்.